உங்கள் பேர் போட்ட அட்டை

அண்ணே,

இன்று மதியம் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். முதுகில் குப்பென்று அனல் அடித்தது. திரும்பிப் பார்த்தால் சுவரில் மாட்டியிருக்கும் ஏசியின் வெளிப்பெட்டி ஓட ஆரம்பித்திருந்தது. கம்பெனிக்காரர்கள் போன வாரம்தான் புது கம்ப்ரஸர் வைத்துவிட்டுப் போனார்கள். உள்ளே என் வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடிந்து வந்து நல்ல தூக்கத்தில் இருந்தார். ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். உங்களிடம் சொல்லாமல் இதை வேறு யாரிடம் சொல்ல?

பகலில் தூங்க வேண்டிய மனிதருக்காக வாங்கிய ஏசி. நம் பிளாக்கின் சுரங்கத் தூசிதான் உங்களுக்குத் தெரியுமே, காலையில் துடைத்த ஜன்னலில் மாலையில் கோலம் போடலாம். அந்தத் தூசி வெளிப்பெட்டியில் அடைந்து ஏசி திணறியபோது கம்பெனிக்குப் போன் செய்ய எனக்குத் தோன்றவே இல்லை. பக்கத்து குவார்ட்டர்ஸில் நீங்கள் இருந்தீர்கள். எங்கள் வரிசையில் மிக்ஸி நின்றாலும் மோட்டார் நின்றாலும் மதில்மேல் எட்டிப் பார்த்து "அண்ணே" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும்.

மெயினை அணைத்தீர்கள். மூடியைக் கழற்றி பிரஷ்ஷால் தூசியைத் தட்டினீர்கள். மூடுவதற்கு முன்னால் சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் அட்டையை எடுத்து, உங்கள் பேரும் தேதியும் 'தூசி தட்டியது' என்றும் எழுதி உள்ளே கம்பியால் கட்டினீர்கள்.

"என்னண்ணே, ஏசிக்குத் தாலி கட்டுறீங்க?" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "மைன்ஸ்ல அப்பிடித்தான் தங்கச்சி. மெஷின தொட்டா பேரு எழுதி மாட்டணும். அடுத்து வர்றவன் யாரு கை பட்டுதுன்னு தெரிஞ்சிகினு வேல பாப்பான் இல்ல?"

அடுத்த கோடையில் கம்ப்ரஸர் நின்றது. வாரண்டி இருந்ததால் கம்பெனி ஆளை வரவழைத்தோம். அவர் மூடியைக் கழற்றியதும் அட்டையைப் பார்த்து "இது யாரு?" என்று கேட்டார். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து நீங்கள் ஓடி வந்து, "நான்தாங்க மாட்டுனேன்" என்றீர்கள், அவ்வளவு பெருமையாக. அவர் செல்போனில் அட்டையைப் படம் எடுத்துக்கொண்டார். "வெளி ஆள் தொட்டா வாரண்டி கிடையாதுங்க" என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அப்போது உங்கள் முகம் போன போக்கை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

அந்தப் பெரிய கம்பெனியோடு மல்லுக்கட்டிய கதை உங்களுக்குத் தெரியும். போன் செய்தால் ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் குரல். அதனிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். கடைசியில் மெயில் வந்தது: உங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம், அங்கீகாரம் இல்லாத நபர் திறந்ததால் பழுதுக்கு நாங்கள் பொறுப்பல்ல. அதை உங்களுக்குப் படித்துக் காட்டியிருக்க வேண்டாம். நீங்கள்தான் விடாமல் கேட்டீர்கள்.

அதற்குப் பிறகு எதிர்வீட்டு அக்கா மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்தால், "வாரண்டி இருக்கப் போவுதுங்க, கடையிலயே குடுத்துடுங்க" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினீர்கள். உங்கள் பையிலிருந்து எப்போதும் எட்டிப் பார்க்கும் டெஸ்டரும் காணாமல் போனது. எனக்குக் கம்பெனிமேல் பற்றிக்கொண்டு வந்தது. ஏசி போனால் போகிறது, நல்ல மனுஷனை இப்படிச் செய்துவிட்டார்களே என்றுதான் கடலூர் நுகர்வோர் கோர்ட்டில் கேஸ் போட்டேன்.

வக்கீல், அந்த அட்டை யாருடையது என்றே தெரியாது என்று சொல்லிவிடலாம் என்றார். நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "என் பேருங்க அது. என் கையெழுத்து. இல்லன்னு எப்பிடி சொல்லுவேன்?" சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கடலூர் வரைக்கும் வந்து, ஆமாம், நான்தான் திறந்தேன், தூசி மட்டும்தான் தட்டினேன் என்று எழுதிக் கொடுத்தீர்கள். திரும்பி வரும்போது வடலூர் தாண்டியதும் மெதுவாகக் கேட்டீர்கள்: "நெசமாவே என்னாலதான் போச்சா தங்கச்சி?"

"இல்லவே இல்லண்ணே."

"நீ இல்லன்ற. அவன் எழுத்துல குடுத்திருக்கிறானே."

ரிட்டையராகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, முத்தாண்டிக்குப்பத்தில் வீடு கட்டிப் போன பிறகும் போனில் நீங்கள் கேட்டது அதே கேள்விதான். தீர்ப்பு வரட்டும் அண்ணே, நேரில் வந்து படித்துக் காட்டுகிறேன் என்பேன். வாய்தாமேல் வாய்தாவாகப் போய்க்கொண்டே இருந்தது. ஒருநாள் காலையில் உங்களுக்கு நெஞ்சுவலி என்று போன் வந்தது. நாங்கள் கிளம்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்கப்புறம்தான் தீர்ப்பு வந்தது அண்ணே. மூடியைத் திறந்து தூசி தட்டியதற்கும் கம்ப்ரஸர் பழுதானதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை, கம்பெனி தன் செலவில் மாற்றித் தர வேண்டும். எழுத்தில்தான் கொடுத்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு முத்தாண்டிக்குப்பம் போனேன். அண்ணி அந்த வரியை இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். தலைக்குமேல் சுற்றிய ஃபேனை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் சொன்னார்:

"போன சித்திரையில இந்த ஃபேனு நின்னு போச்சிம்மா. ஒரு சாமான் மாத்துனா ஓடும்னு அவருக்கே தெரியும். தொட மாட்டேன்னுட்டாரு. கடைக்காரன் வர்ற வரைக்கும் இதும் அடியிலயே விசிறிகினு ஒக்காந்திருந்தாரு."

எங்கள் வீட்டு சாமான்களைத் தொடத்தான் பயந்தீர்கள் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஜெயித்த கேஸைக் கொண்டாட வீட்டில் கேசரி கிண்டினார்கள், என்னால் வாயில் வைக்க முடியவில்லை. உங்கள் சொந்த வீட்டில், நின்றுபோன ஃபேனுக்கு அடியில், விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள் அண்ணே. அதைத்தான் சுமந்துகொண்டு திரிகிறேன்.