கண்ணாடிக்குள் இருக்கும் வரைபடம்

அன்புள்ள அத்தானுக்கு,

முப்பது வருடம் கழித்து எழுதுகிறேன். கிழித்துப் போடுவதற்கு முன் அக்காவிடமாவது காட்டுங்கள்.

நேற்று இந்த நாட்டு வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போனேன். இங்கே நாம் வேலை பார்த்த அலுவலகத்தில் வரைந்த முதல் ரயில் பாதைப் படத்தைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். ஆற்றின் வலக்கரையில் இருக்க வேண்டிய நிலையம் இடக்கரையில் இருக்கிறது. கீழே ஒரு குறிப்பு: ‘தவறாக வரைந்த வெளிநாட்டவர் திருப்பி அனுப்பப்பட்டார்.’

மூன்று முறை படித்துவிட்டுக் காப்பாளரிடம் போனேன்.

“டிரேசிங் தாளைத் திருப்பி வச்சு வரைஞ்சது நான்தாங்க. எங்க அத்தான் மேலதிகாரிங்கிற முறையில கையெழுத்து மட்டும்தான் போட்டாரு, ஆனா திருப்பி அனுப்பினது அவரைத்தான்.”

“பெரியவரே, அந்தக் குறிப்பை யாருமே படிக்கிறதில்ல. இப்ப எதுக்கு?”

“நான் படிச்சுட்டேனே.”

எழுதிக் கொடுக்கச் சொன்னார். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். அன்று நீங்கள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த மாதம் என் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். இதனால் சிக்கல் வருமோ என்று பயமாகத்தான் இருக்கிறது. என்னையும் திருப்பி அனுப்பினால் நேரே உங்கள் வீட்டுக்குத்தான் வருவேன். கதவைத் திறப்பது உங்கள் விருப்பம்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்