இரண்டாவது பொட்டலம்

ஆவணி, 1946. வெள்ளி இரவு.

லண்டனில் மேல்படிப்பு, செலவு முழுவதும் சர்க்காருடையது. விண்ணப்பம் நாளைத் தபாலில் போயாக வேண்டும். அப்பா கையெழுத்துப் போடவில்லை. அவர் சொன்னது இதுதான்:

"அம்மங்கிட்டப் பூக் கேட்டுரலாம் சாமி. வெள்ள வந்தாப் போ. செவப்பு வந்தா இங்கயே இரு."

வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று. அம்மாதான் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் காலடியில் வைத்தாள். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு. அப்பா விண்ணப்பத்தை என்னிடமே திருப்பித் தந்துவிட்டார்.

எல்லோரும் வெளியே போனதும் மற்றப் பொட்டலத்தைப் பிரித்தேன். அதிலும் சிவப்பு.

சோறு போடும்போது அம்மா மெல்லக் கேட்டாள்: "அந்த இன்னொரு பொட்டலத்த ஆரு எடுத்தாங்க, சாமி?"

"தெரியலீங்கம்மா."

என் சட்டைப் பையில் இருக்கிறது. காலையில் காட்டினால் அப்பா கையெழுத்துப் போட்டுவிடுவார். அப்புறம் அம்மாவை என்ன செய்வார்?

விளக்கை அணைக்கச் சொல்லி அம்மாதான் கூப்பிடுகிறாள்.