எஞ்சின் அறைக் கதவு

அக். 18, வெள்ளி

புழுக்கம். வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை. ஆகவே படம் அருமை.

கோவில்பட்டியில் ரேடியோ கடை வேலை முடிந்ததும் ஐந்து மணி பஸ். வீட்டுக்குப் போகாமல் நேரே தீப்பெட்டி ஆபீஸ் அண்ணாச்சி வீடு. ஊருக்கே ஒரு டி.வி. அவர் முற்றத்தில் நிற்கும் அறுபதடிக் கம்பம் நான் நட்டது. ஆன்டெனா, பூஸ்டர், கம்பத்தைச் சாயாமல் இழுத்துக் கட்டும் ஸ்டே கம்பி எல்லாம் என் கை. கூலி வாங்கவில்லை. வெள்ளிதோறும் இலங்கை டி.வி.யில் விண்கப்பல் தொடர் போடும்போது எனக்கு முன்னால் இடம். அதுதான் பேச்சு.

இன்று எஞ்சின் கொதித்துவிட்டது. உள்ளே போய் யாராவது கையால் வால்வைத் திருப்ப வேண்டும், கதவை வெளியிலிருந்து பூட்ட வேண்டும். எஞ்சினீயர் போனார். கேப்டன் ஏதோ பிரசங்கம் செய்தார், அவர் காதில் வாங்கவில்லை. கதவு மூடியது. வட்டக் கண்ணாடியில் அவர் முகம். அத்தோடு நிறுத்திவிட்டான்கள். அடுத்த வெள்ளி கடைசிப் பகுதி என்று எழுத்து வந்தது.

அண்ணாச்சி: “ஏன் தம்பி, அம்புட்டுப் பெரிய கப்பல்ல உள்பக்கம் ஒரு தாப்பா வைக்க மாட்டானா?”

நியாயமான கேள்வி. டிசைன் தப்பு. தப்புகள் நிறைய உண்டு. காற்றே இல்லாத இடத்தில் வெடிச்சத்தம் கேட்கிறது. எந்தக் கிரகத்தில் இறங்கினாலும் அதே கல்குவாரி. கதவைச் சாத்தினால் சுவர் ஆடுகிறது. சீமையில் பல வருஷம் ஓடி முடிந்த சரக்காம். நமக்கு இப்போதுதான் வருகிறது. இங்கிலீஷ் பாதி புரியும், கீழே சிங்கள எழுத்து. புரிந்ததை மற்றவர்களுக்குச் சொல்வேன். புரியாததையும் சொல்வேன்.

ஆனால் அந்த எஞ்சினீயர். வீட்டுக்குத் திரும்ப வழி தெரியாத கப்பல். அதில் கேப்டன் முதல் எல்லோரும் கடைசியில் அவரிடம்தான் வந்து நிற்கிறார்கள். என்னிடமும் டிப்ளமா இருக்கிறது. என்னிடம் யாரும் வந்து நிற்பதில்லை. ரேடியோவில் கரப்பான் பூச்சி புகுந்தால் வருவார்கள்.

அக். 19, சனி

அதே புழுக்கம். ஐப்பசி பிறந்தும் மழை இல்லை.

அப்பா புரட்டாசிக் கடைசியில் புழுதி விதைப்பு போட்டார். பருத்தி, ஊடே உளுந்து. காய்ந்த கரிசலில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பது. நல்ல மழையாகப் பெய்தால் முளைக்கும். அரைகுறைத் தூறல் என்றால் முளைத்துச் சாகும். ஒன்றும் பெய்யாவிட்டால் எறும்பு இழுத்துப்போகும். வேறு விதை கிடையாது.

காலையில் புஞ்சையிலிருந்து ஒரு விதையைத் தோண்டி எடுத்து வந்தார். உள்ளங்கையில் வைத்துப் புழுதியை ஊதினார்.

“உசிரு இருக்காலே?”

“நான் என்ன விதை டாக்டரா?” என்றேன். சொல்லியிருக்க வேண்டாம். விதையை மடியில் முடிந்துகொண்டார்.

இதை இங்கே மட்டும் எழுதுகிறேன். இலங்கைப் படம் கடல் தாண்டி வர வேண்டுமானால் காற்று அசையாமல் கிடக்க வேண்டும். கிழக்கேயிருந்து கொண்டல் காற்று எழுந்தால் போச்சு, திரை முழுக்க வெள்ளைப் பொரி. அந்தக் கொண்டல்தான் மழை கொண்டுவரும். அப்பா கொண்டலுக்குக் காத்திருக்கிறார். நான் வெள்ளிக்கிழமை வரை அது வரக் கூடாது என்று இருக்கிறேன். ஒரே வாரம். அதற்குப் பிறகு ஊரே முங்கினாலும் சரி.

இப்படி நினைக்கிறவனுக்கு என்ன பெயர்?

அக். 20, ஞாயிறு

கடை லீவு. டீக்கடையில் பெரியப்பா. அப்பாவின் அண்ணன், ஊரில் அவர் சொல்லுக்கு மதிப்பு. பத்துப் பேர் நடுவில் வைத்துக் கேட்டார்.

“ஏலே, ஒன் கம்பி நட்ட வருசத்துலருந்து மழை செம்மையா இல்லையே, கவனிச்சியா?”

“அதுக்கு முந்தின வருசமும்தான் இல்ல. அப்ப எந்தக் கம்பி மறிச்சுது?”

“அது கடவுள் குத்தம். இது ஒன் குத்தம்.”

சிரிப்பு. அலுமினியக் குழாய் மேகத்தை விரட்டுமா, மேகம் எத்தனை உயரத்தில் போகிறது தெரியுமா, உங்களுக்கு மண்டையில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். கடைசிக் கேள்விக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அப்பா அங்கேதான் இருந்தார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார்.

சோல்டரிங் முனை வாங்க வேண்டும். சைக்கிள் பின் டயர்.

அக். 22, செவ்வாய்

வெயில். கண் கூசுகிறது.

ஊரில் கொடும்பாவி இழுத்தார்கள். வைக்கோலில் பாவி உருவம் கட்டி, தெருத்தெருவாக இழுத்து, பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைத்து, கடைசியில் சுடுகாட்டில் எரிப்பது. பாவி செத்தால் மழை வருமாம். நான் கடைக்குப் போகவில்லை, தலைவலி. ஜன்னல் வழியே பார்த்தேன்.

அண்ணாச்சி வீட்டு முக்கில் திரும்பும்போது கொடும்பாவியின் கை ஸ்டே கம்பியில் மாட்டிக்கொண்டது. அந்த ஒரு கம்பியை மட்டும் இடமில்லாமல் தெருவோர வேப்பமரத்தில் கட்டியிருந்தேன். இழுத்தார்கள். வரவில்லை. பலமாக இழுத்தார்கள். கை பிய்ந்து கம்பியில் தொங்கியது. ஒப்பாரி சட்டென்று நின்றது.

ஒரு பெண் குரல்: “பாவிய விட மாட்டேங்குதே அது.”

அவ்வளவுதான். முடிந்தது. இனி மேகத்தின் உயரம் யாருக்கு வேண்டும்?

யார் பாவி என்பதில் எனக்கும் கொஞ்சம் சந்தேகம் உண்டு. அது வேறு விஷயம்.

அக். 23, புதன்

ஊர்க்கூட்டம், கோயில் முன்னால். கம்பத்தை இறக்க வேண்டும், மழை பெய்த பிறகு நட்டுக்கொள்ளலாம். பெரியப்பா சொன்னார். எதிர்த்துப் பேச யாருமில்லை. அண்ணாச்சி வியாபாரி, ஊரைப் பகைக்க மாட்டார்.

“தம்பி, நாலு நா படுக்கப் போட்டா கம்பி துருவா பிடிச்சிரும்? ஒன் கதை வேற என்னைக்காவது வராமயா போவும்?”

வராது, அண்ணாச்சி. கடைசிப் பகுதி ஒரு தரம்தான். வருகிற வெள்ளியோடு சரி. இதை எப்படிச் சொல்வது? பெரிய மனிதர்கள் விதையைப் பற்றிப் பேசும் இடத்தில் ஒருவன் எழுந்து, ‘ஐயா, எஞ்சின் அறைக்குள் ஓர் ஆள் மாட்டியிருக்கிறார்’ என்பானா?

அப்பாவைப் பார்த்தேன். தரையைப் பார்த்தார்.

தூத்துக்குடியில் கூடப் படித்த ஒருவன் வீட்டில் டி.வி. இருந்தது. அவன் மெட்ராஸ் போய்விட்டான். முன்பின் தெரியாத வீட்டில் போய் எந்த முகத்தோடு கதவைத் தட்டுவது? கோவில்பட்டிக் கடையில் ரேடியோ மட்டும்தான். எல்லா வழியும் யோசித்தாயிற்று.

சாப்பிடவில்லை. அம்மா கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றேன்.

அக். 24, வியாழன்

கம்பத்தை இறக்கினேன். நானேதான். ஸ்டே கம்பியை எந்த வரிசையில் தளர்த்துவது என்று வேறு யாருக்கும் தெரியாது. தெரியாதவன் கை வைத்தால் ஒருவன் மண்டை உடையும். ஊர் ஆட்கள் கயிறு பிடித்தார்கள். ஆன்டெனா முற்றத்தில் கிடக்கிறது, செத்த மீன் முள் மாதிரி.

பெரியப்பா மட்டும், “கோவிச்சுக்கிடாதல” என்றார். வேப்பமரத்துக் கம்பியில் வைக்கோல் கை இன்னும் தொங்கியது. அவிழ்த்துக் கீழே போட்டேன்.

ராத்திரி, ஆதாரமில்லாத நம்பிக்கை ஒன்று. எஞ்சினீயர் எப்படியாவது வெளியே வந்துவிடுவார், அத்தனை வருஷம் ஓட்டியவர்களுக்குக் கடைசியில் கொல்ல மனசு வராது. உடனே இன்னொன்று. மனசு வரும். எல்லோருக்கும் உதவுகிறவனைத்தான் கொல்வான்கள், கேப்டன் அழுவதற்கு ஒரு காரணம் வேண்டும்.

தெரியாமல் இருப்பதுதான் தாங்கவில்லை. செத்தார் என்று தெரிந்தால்கூடப் போதும்.

அக். 25, வெள்ளி

வானம் துடைத்து வைத்தது போல. காற்று இல்லை. இதைப் போல் ஒரு நாள் இந்த வருஷம் வரவில்லை. கண்ணாடி மாதிரிப் படம் வரும். பார்க்கக் கம்பம் இல்லை.

வேலை ஓடவில்லை. ஒரு ரேடியோவில் கண்டன்சரைத் தலைகீழாகப் பற்றவைத்துவிட்டேன், முதலாளி ஏசினார். ஐந்து மணி பஸ். வேண்டுமென்றே அண்ணாச்சி வீட்டுத் தெருவைத் தவிர்த்து ஓடை வழியாக நடந்தேன்.

வீட்டு வாசலில் அப்பா. கையில் வண்டிக்கயிறு. கூடப் பெரியப்பா, இன்னும் ஐந்தாறு பேர்.

“வா, போவோம்” என்றார் அப்பா.

“எங்க?”

“மறிக்கிற கம்பி நேத்துலருந்து படுத்துக் கெடக்கு. வானம் எந்திரிச்ச மாதிரித் தெரியலையே.” பிறகு தாழ்ந்த குரலில், “நான்தான் எல்லாரையும் கூப்பிட்டேன். வெரசா வா. ஒன் ஆளு உள்ள கெடக்காம்லா?”

அம்மா சொல்லியிருக்க வேண்டும். அம்மாவிடம் எப்போது சொன்னேன், நினைவில்லை.

பெரியப்பா முணுமுணுத்துக்கொண்டே வந்தார். “ஒரு நாள்ல மழை வந்துருமா? ஊருன்னா ஒரு பொறுமை வேண்டாமா?” ஆனால் தெற்குக் கயிற்றை அவர்தான் பிடித்தார், நன்றாகப் பிடித்தார். அப்பா கம்பத்தின் அடியில் தோள் கொடுத்தார். நான் கத்தினேன்: விடாதீங்க, இழுங்க, நில்லுங்க. என் சொல்லுக்கு எல்லோரும் அசைந்தார்கள். என் ஆயுளில் இது முதல் தரம்.

பாதிக்கு மேல் ஓடியிருந்தது. ஆனால் படம் வந்தது. முற்றம் நிறைய ஆட்கள். எஞ்சினீயர் தரையில் விழுந்து கிடந்தார். வெளியே கேப்டன் கதவை உடைக்கிறார், நெருப்புப்பொறி. பெரியப்பா, “அந்தாளு மூச்சு விடுதானா இல்லையா, சொல்லுல” என்றார். தெரியவில்லை என்றேன். முதல் தடவையாகத் தெரியாததைத் தெரியாது என்று சொன்னேன். கதவு விளிம்பில் ஒரு கோடு வெளிச்சம். எஞ்சினீயரின் விரல் அசைந்தது போல

பொரி. திரை முழுக்கப் பொரி. சத்தமும் போயிற்று.

முற்றமே ஐயோ என்றது. ஓடிப்போய்ப் பூஸ்டரைப் பார்த்தேன். சரி. ஒயர் சரி. கம்பத்தைத் திருப்பினேன், இந்தப் பக்கம், அந்தப் பக்கம். ஒன்றுமில்லை. கம்பத்தைப் பிடித்தபடியே நின்றேன். குழாய் கையில் லேசாக அதிர்ந்தது. ஸ்டே கம்பி முனகியது.

அப்பா பக்கத்தில் வந்தார்.

“என்னல, போயிட்டா?”

“போயிட்டு.”

“சரி பண்ண முடியாதா?”

“இது கம்பி கோளாறு இல்லப்பா. காத்து.”

உள்ளே அண்ணாச்சி டி.வி.யைத் தட்டிக்கொண்டிருந்தார். அப்பா என் முகத்தைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி, சட்டையில்லாத முதுகை மேற்கே காட்டி, கிழக்கே பார்த்து நின்றார். வேப்பமரத்தில் இலைகள் புரண்டன.