எடுக்காத சிவப்பு அட்டை

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ நலமா என்று கேட்க மனசு வரவில்லை. உன் பையன் நலம்தானே?

உன் அத்தானைக் கால்பந்து நடுவர் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அணிப் பயிற்சியாளனான நீ அவரைப் பார்த்துக் கத்தியதை மைதானமே பார்த்ததாம். மைத்துனன் என்பதால் சிவப்பு அட்டை காட்டாமல் விட்டாராம். சங்கத்தில் எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார்கள். வாயைத் திறக்கவில்லை மனுஷன். வீட்டுக்கு வந்து ஷூவைக் கழுவிப் பரணில் போட்டார். பேச்சும் அதோடு போயிற்று.

திட்டு வாங்குவது அவருக்குப் புதிதா? "முதல் தடவை எனக்குக் காது கேட்காது. ரெண்டாம் தடவை பக்கத்துல போய் மெதுவாச் சொல்வேன். மூணாவது தடவை அட்டைதான் பேசும்" என்று உனக்கே சொல்லிக்கொடுத்தவர். குருடன், காசு வாங்கினவன் என்று எல்லாம் கேட்டுவிட்டு வந்து, சிரித்துக்கொண்டே சாப்பிடுவார்.

அன்றைக்கு நீ சொன்னதை, கோட்டோரம் கொடி பிடித்தவர்தான் என்னிடம் சொன்னார். இரைச்சலில் வேறு யாருக்கும் கேட்கவில்லையாம். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "பெத்த பிள்ளை தண்ணித் தொட்டியில விழுந்ததைப் பார்க்காத கண்ணு, இங்க ஃபவுலைப் பார்த்துடுச்சாம்." எங்களை விட்டுப் போன அந்தக் குழந்தையை நீயும்தானே தோளில் போட்டுத் தூங்கவைத்தாய். எப்படியடா நாக்கு வந்தது உனக்கு?

அட்டை காட்டினால், என்ன சொன்னாய் என்று ஒரு வார்த்தை விடாமல் அறிக்கையில் எழுத வேண்டும். சங்கத்தில் அதை உரக்கப் படிப்பார்கள். அதனால்தான் பைக்குள் போன கை அங்கேயே நின்றுவிட்டது. உன்னைக் காப்பாற்ற இல்லை. கொடி பிடித்தவர் சாட்சி சொல்கிறேன் என்று வந்தார். இவர் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்.

இப்போது தொட்டி இருந்த இடத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறார். நீ சொன்னதை நம்பிவிட்டார் போல. எனக்குப் பயமாக இருக்கிறது. தட்டில் போட்ட சோறு அப்படியே காய்கிறது.

சங்கத்துக்குப் போ. என்ன சொன்னாய் என்று சொல்ல வேண்டாம். அவர் சலுகை காட்டவில்லை, தப்பு என் வாயில்தான் என்று மட்டும் சொல். நீ போவாய் என்ற நம்பிக்கை எனக்கில்லை. கொட்டின வார்த்தையை அள்ள முடியாது என்பதும் தெரியும். ஆனாலும் வேறு யாரிடம் போய் நிற்பேன்?

இதை எழுதும்போது அவர் பின்னால் வந்து நின்றார். உனக்குத்தான் என்று தெரிந்தும் தடுக்கவில்லை. இத்தனை நாள் கழித்து வாய் திறந்து ஒன்றே ஒன்று சொன்னார்: "பையன் தவழ ஆரம்பிச்சிருப்பான். அவங்க வீட்டுத் தொட்டிக்கு மூடி போடச் சொல்லு."

எழுதிவிட்டேன். உன் பிள்ளை நூறு வயசு இருக்கட்டும். மூடியைப் போட்டுவிடு, தம்பி.

உன் அக்கா