வாலுக்கு எஸ்ஸா, நோவா

நைனா,

காலையில் உன் போன் அடித்தது. இப்போது அது என்னிடம்தான் இருக்கிறது. வருஷா வருஷம் சாமி பார்க்க வந்து, உன் வண்டியில்தான் காளஹஸ்தி போவேன் என்று அடம்பிடிப்பாரே, அந்த டெல்லி அம்மா. இங்கிலீஷில் ஆரம்பித்தார். எனக்கு நம்ம வால் பாடம் ஞாபகம் வந்துவிட்டது.

வாக்கியத்தின் கடைசியில் தொங்குகிற கேள்விக்கு நான் வைத்த பேர் வால். தெலுங்கில் எதற்கும் ஒரே 'கதா' போதும், நமக்கு ஒரு 'இல்ல?' போதும், இங்கிலீஷில்தான் ஆளுக்கொரு வால் என்று சலித்துக்கொள்வாய். "வாலு சொல்லிக்குடுக்க உன்ன வுட்டா யாருடா" என்பாய். 'லெட்ஸ் கோ'வுக்கு 'ஷல் வீ' என்பதை மறைத்து, 'லெட்ஸ் நாட்டு' என்று விளையாட்டுக்குச் சொல்லிக்கொடுத்தேன். சவாரிகளிடம் நீ அதையே சொல்லிச் சொல்லி, ஸ்டேஷன் ஸ்டாண்டில் உனக்கு நாட்டுக்கோழி என்றே பேர் விழுந்தது.

அப்புறம்தான் ஸ்ரீசிட்டியில் கம்பெனி கார் ஓட்டுகிற வேலை வந்தது. ராத்திரி சவாரியே கிடையாது. இன்டர்வியூவுக்கு முந்தின நாள் கேட்டாய்: "'யூ டோன்ட் ட்ரிங்க், டூ யூ?'ன்னா இன்னாடா சொல்றது?"

"நோன்னு சொல்லு நைனா."

"'குடிக்க மாட்ட, இல்ல?'ன்னு கேட்டா ஆமான்னுதானே சொல்லணும்? மறுபடியும் வெளையாடிக்கினு இருக்கியா?"

சத்தியம் பண்ணியிருக்கலாம். நீ நம்பாதது எனக்கு வேடிக்கையாக இருந்தது. சிரித்தேன்.

மறுநாள் அதையேதான் கேட்டார்கள். பீடிகூடத் தொடாத நீ "எஸ் சார்" என்றாய். குடிக்கிறவனுக்கு வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். மறுபடி ராத்திரி சவாரி. ஏர்பேடு தாண்டி, வண்டியை ஓரம்கட்டிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ சாய்ந்து, எழாமலே போனதும் அப்படி ஒன்றில்தான்.

டெல்லி அம்மாவிடம் ஸ்டாண்டில் யாரோ அரைகுறையாகச் சொல்லியிருக்கிறார்கள். "ஹி டஸன்ட் டிரைவ் எனிமோர், டஸ் ஹி?" என்றார். நோ சொல்லணும். விதி எனக்குத் தெரியும். வாயில் வந்தது எஸ். ஆமா, ஓட்டுவதில்லை.

அவருக்கு ஒரே சந்தோஷம். அப்படியென்றால் அடுத்த வாரம் ரேணிகுண்டா ஏர்போர்ட்டுக்கு உன்னை வரச் சொல் என்று வைத்துவிட்டார். திருப்பிக் கூப்பிடணும். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த வாட்டி நான் வெளையாடல நைனா. அன்னிக்கும் வெளையாடல.

நம்புற, இல்ல?