பின்கண்ணாடியில் ஒரு சிலுவை

நேற்று ஸ்டோவ்னர் கடைத்தொகுதிக்கு வெளியே, கார் நிறுத்துமிடத்தில், ஒரு பழைய வெளிர்நீலக் கார் நின்றது. அதற்கும் நம் வயதுதான் இருக்கும். ஆனால் நம்மைவிட நல்ல பராமரிப்பு. இரண்டு கையிலும் பைகள், கால் வலி, வீட்டுக்குப் போய்ச் சமைக்க வேண்டுமே என்ற அலுப்பு. இத்தனையோடும் அதைக் கடந்து போனவள், பின்கண்ணாடியைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். இடது மூலையில் ஒரு ஸ்டிக்கர். மஞ்சள் கரை, கறுப்பு எழுத்து. புது எஞ்சின் பழகிக்கொண்டிருக்கிறது, தயவுசெய்து முந்திப் போங்கள் என்று நோர்வேஜிய மொழியில். கரைக்கு உள்ளே, உச்சியில், நடுவாக, ஓர் அரிசி அளவில் சிலுவை.

கார்க்காரர் வரும்வரை நின்றேன். எழுபது வயது இருக்கும். இது எங்கே கிடைத்தது என்று கேட்டேன். பழைய கார்ச் சங்கம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியதில் இரண்டை எடுத்து வைத்துக்கொண்டதாகவும், மற்றவர்களுக்குப் பிடிக்காதது தனக்குப் பிடித்துவிட்டதாகவும் சொன்னார். நல்லது என்று சொல்லிவிட்டு பேருந்துக்கு நடந்தேன். லோறென்ஸ்கூக் வந்து சேரும்வரை பைகளை மடியில் வைத்துக்கொண்டு உன்னோடுதான் கதைத்துக்கொண்டு வந்தேன். நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. உனக்குச் சொல்ல வேண்டிய ஒன்றை இனியும் தள்ளிப்போட எனக்குத் தெம்பில்லை.

ரொம்மன் ரயில் நிலையத்திலிருந்து இறங்கிப் போனால், டயர் கடைக்குப் பின்னால் நம் பட்டறை. நீ மன்னார், நான் யாழ்ப்பாணம். இருவரும் ஒரே மாதத்தில் தற்காலிக வேலைக்கு வந்து சேர்ந்தோம். முதலாளிக்குத் தலையில் ஒரு மயிர் இல்லை. கன்னத்துக் கிருதாவை மட்டும் விடவில்லை. அவர் செய்த வியாபாரத்தை வீட்டில் சொன்னபோது என் கணவர் நம்பவே இல்லை. அந்தக் காலத்தில் கார் புதிதாகக் கடையை விட்டு வெளியே வரும்போது கண்ணாடிகளில் பல ஸ்டிக்கர்கள் இருக்குமாம். பக்கக் கண்ணாடியில் விலையும் உபகரணங்களும் அச்சடித்த தாள், பின்கண்ணாடியில் விற்றவர் பெயர், எஞ்சின் பழகும்வரை ஒட்டிவைக்கும் அறிவித்தல். வாங்கியவர்கள் ஒரு மாதத்தில் உரித்து எறிந்துவிடுவார்கள். நாற்பது வருடம் கழித்து அதே காரைத் துடைத்து மினுக்கி வைத்திருப்பவர்களுக்கு அந்த ஸ்டிக்கர்கள் அச்சு அசலாகத் திரும்ப வேண்டும். அதைச் செய்து கொடுப்பதுதான் நம் வேலை.

கடித உறைக்குள், சுருட்டுப் பெட்டிக்குள், புத்தகத்துக்கு நடுவே என்று கிழிந்த துண்டுகளைக் கொண்டு வருவார்கள். ஸ்கேன் பண்ண முடியாத அளவுக்கு மங்கியவற்றை நீ மெல்லிய தாளை மேலே வைத்துக் கறுப்பு மையால் கீறி எடுப்பாய். என் கை நடுங்கும்; உன் கை நடுங்காது. நான் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து, வாடிக்கையாளரின் அசலை இடப்பக்கமும் உன் தாளை வலப்பக்கமும் வைத்து ஒப்பிடுவேன். கீறியவர் சரிபார்க்கக் கூடாது, மற்றவர்தான் பார்க்க வேண்டும் என்பது பட்டறைச் சட்டம். நமக்கு இருவருக்கும் கார் ஓட்டத் தெரியாது. பேருந்தில் வந்து, பேருந்தில் போய், நாள் முழுக்கக் கார்க் கண்ணாடிகளைப் பற்றிக் கவலைப்பட்டோம்.

அந்த எஞ்சின் பழகும் ஸ்டிக்கரை முதன்முதலில் பார்த்த அன்று நீ அதை என்னிடம் நீட்டிச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"இதிலை ஒண்டை என்ரை முதுகிலை ஒட்டிவிடு. ஆறு வருசமாப் பழகிறன், இன்னும் முடியேல்லை."

அன்று நாம் சிரித்த சிரிப்பில் முதலாளி எட்டிப் பார்த்தார். அவருக்கு அதை மொழிபெயர்த்துச் சொல்ல முயன்று தோற்றோம்.

உனக்கு ஒரு பழக்கம் இருந்தது. எதை எழுதத் தொடங்கினாலும் தாளின் உச்சியில் முதலில் ஒரு சின்னச் சிலுவை. கடிதம், கடைச் சாமான் பட்டியல், வேலை நேரத் தாள், எல்லாவற்றிலும். எங்கள் வீட்டில் பிள்ளையார் சுழி போடுவதுபோல. நான் வேலை நேரத் தாளில் உ போட்டுவிட்டு அழிப்பேன். நீ சிலுவை போட்டுவிட்டு அழிப்பாய். முதலாளி அந்த அழித்த தடங்களைப் பார்த்து என்ன நினைத்தாரோ தெரியாது. கீறும் தாளில் மட்டும் கரைக்கு வெளியே, பென்சிலால், அச்சுக்கு வராதபடி போடுவாய். மன்னாரில் தபால் கந்தோரில் இருந்த உன் மனுசன் எழுதும் கடிதங்களிலும் அதே இடத்தில் அதே சிலுவை. குடும்பத்தில் ஒருவரைத்தான் வெளியே அனுப்ப முடிந்தது என்று உன்னை அனுப்பியவர் அவர். பின்னால் வந்துவிடுவேன் என்றவருக்கு ஆறு வருடமாக வர முடியவில்லை. உன் விசாவின்படி அவரைக் கூப்பிட உனக்கு நிரந்தர வேலை வேண்டும். அது சமாதானப் பேச்சு நடந்த காலம், பாதைகள் திறந்திருந்தன, வருகிறவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். உன்னிடம் இல்லாதது அந்த ஒரு ஒப்பந்தத் தாள் மட்டும்தான்.

எனக்கும் அதே தாள்தான் தேவைப்பட்டது. என் கணவர் முதுகு பழுதாகி வீட்டில் இருந்தார். வாடகைக்கு எடுத்த இரண்டு அறைக்குள் ஐந்து பேர். லோறென்ஸ்கூக்கில் வீடு பார்த்து வைத்திருந்தோம். யாருக்காவது நிரந்தர வேலை இருந்தால்தான் வங்கி கதைக்கும். கோடை முடிய ஒருவரை நிரந்தரமாக்குவேன், இருவரை வைத்திருக்க முடியாது என்று முதலாளி நம் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அன்று மதியம் பட்டறைக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பிறகு நீதான் தொடங்கினாய்.

"உனக்குக் கிடைச்சா எனக்குச் சந்தோசம் எண்டு பொய் சொல்ல மாட்டன். எனக்குத்தான் வேணும். நீயும் அப்பிடிச் சொல்லலாம், நான் கோவிக்க மாட்டன்."

நான் அப்படிச் சொல்லவில்லை. கடவுள் விட்ட வழி என்று ஏதோ சொன்னேன். உனக்கு இருந்த நேர்மை எனக்கு இருந்திருந்தால் இந்தக் கடிதம் இல்லை.

பழைய கார்ச் சங்கத்தின் கோடைக் கூடலுக்கு அந்த எஞ்சின் பழகும் ஸ்டிக்கர் இருநூறு வேண்டும் என்று அவசர வேலை வந்தது. அந்த வாரம் உன் மனுசனிடமிருந்து கடிதம் வந்திருந்தது, பொறுமை போய்விட்டது என்று. நீ அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை காலை முழுக்கக் கீறினாய். தாளை என் மேசையில் வைத்துவிட்டுக் குடிவரவுக் கந்தோருக்குப் போன் எடுக்க ஓடினாய். நான் பூதக்கண்ணாடியை வைத்தேன். உச்சியில், கரைக்கு உள்ளே, மையால், சிலுவை. அசலில் அது இல்லை. நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழுவதற்காகத் தாளின் நான்கு மூலையிலும் நாம் சிலுவைபோல் குறி வைப்போம், அச்சடித்தபின் அவை வெட்டுப்பட்டுப் போகும். இதுவும் அப்படி ஒன்று என்று ஒரு நிமிடம் எனக்கே சொல்லிப் பார்த்தேன். நடுவில், கரைக்கு உள்ளே யாரும் குறி வைப்பதில்லை. அழிக்க ஒரு சொட்டு வெள்ளை மை போதும். அந்தப் போத்தல் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது.

களைப்பாக இருந்தது என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிவந்தேன். களைப்பு உண்மை. ஆனால் களைத்தவள் அழிக்க மறப்பாள், நான் மறக்கவில்லை. தாளை எடுத்து அச்சுக்குப் போகும் தட்டில் வைத்தேன். சரிபார்த்தவர் கையெழுத்துப் போடும் கட்டத்தை வெறுமையாக விட்டேன். அதை மட்டும் மிகக் கவனமாகச் செய்தேன்.

செவ்வாய்க்கிழமை ஸ்டிக்கர் பெட்டி திரும்பி வந்தது. இந்த ஊர்ப் பத்திரிகையில் சாவு அறிவித்தல் வரும்போது பெயருக்கு மேலே சிலுவை இருக்கும், உனக்குத் தெரியுமே. சங்கத்தில் பாதிப்பேர் எழுபது தாண்டியவர்கள். தலைக்கு மேலே சிலுவையும், கீழே என்னை முந்திப் போங்கள் என்ற எழுத்தும். எனக்கு முதல் செத்துப் போங்கள் என்று தங்களைக் கேலி பண்ணியதாக எடுத்துக்கொண்டார்கள். தலைவர் தானே வந்து மேசையில் போட்டுவிட்டுப் போனார். முதலாளிக்குக் கழுத்து வரைக்கும் சிவந்துவிட்டது. அந்தச் சங்கம்தான் அவருக்குப் பாதி வேலை கொடுத்தது.

யார் கீறியது என்று கேட்டார். நீ கையை உயர்த்தினாய். யார் சரிபார்த்தது என்று கேட்டார். கட்டம் வெறுமை. நான் என் செருப்பைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, உனக்கு எல்லாம் விளங்கப் போதுமான நேரம். பிறகு நீ உன் நிதானமான நோர்வேஜிய மொழியில், அவசரத்தில் நானே பார்த்து நானே அனுப்பிவிட்டேன், அவளுக்குக் கொடுக்கவில்லை என்றாய்.

வெளியே வந்ததும் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். கேட்காமல் இருந்தால் சந்தேகப்படுவாய் என்பதற்காகக் கேட்டேன்.

"ரெண்டு பேரையும் கலைச்சா ஆருக்கு லாபம்? உனக்குப் பிள்ளையள் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பேருந்து அட்டையைத் தேடத் தொடங்கினாய்.

அந்தக் கோடை முடிய எனக்கு நிரந்தர வேலை. அடுத்த வசந்தத்தில் லோறென்ஸ்கூக்கில் வீடு. வீடு குடிபுகுந்த அன்று நீ வந்து பாத்திரம் கழுவினாய். நீ பாடசாலைகளில் துப்புரவு வேலைக்குப் போனாய், மணிக்கணக்கு வேலை, பிறகு அரை நேரம், பிறகு ஒரு வழியாக முழு நேரம். விண்ணப்பம் போட்ட நேரத்தில் அங்கே சமாதானம் குலைந்துவிட்டது. மன்னாரிலிருந்து கொழும்புக்கு வருவதே பெரும்பாடாகிவிட்டது. உன் மனுசன் ஒஸ்லோவில் வந்து இறங்கியபோது, உனக்கு ஒப்பந்தம் கிடைத்திருக்க வேண்டிய அந்தக் கோடையிலிருந்து நான்கு வருடம் போயிருந்தது. அவர் வந்து ஏழு மாதத்தில் உன் வயிற்றில் நோய் என்றார்கள். நான்கு வருடம். இதை நான் வேறு எப்படிச் சொன்னாலும் அது நான்கு வருடம்தான்.

ஆஸ்பத்திரி என் வீட்டிலிருந்து பத்து நிமிடம். சோறும் ரசமும் கொண்டு வருவேன், நீ இரண்டு வாய் சாப்பிடுவாய். உன் மனுசன் கன்ரீனுக்குப் போன ஒரு பகல், யன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு நீயே அந்தக் கதையை எடுத்தாய். குரலில் ஒரு கோபமும் இல்லை.

"நீ அதைப் பாத்தனீ எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். பூதக்கண்ணாடிக்காரி நீ, உனக்குத் தப்புமே?"

நான் போர்வையைச் சரிசெய்தேன். நீ கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுத் தொடர்ந்தாய்.

"கேக்கேல்லை. கேட்டா நீ ஓம் எண்டுவாய். பிறகு நான் இஞ்சை ஆரோட கதைக்கிறது?"

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். உலகத்தில் அந்த நேரம் சொல்லக்கூடிய அத்தனையிலும் எனக்கு வாயில் வந்தது அதுதான். நீ வேண்டாம் என்று தலையாட்டினாய். அவர் கோப்பியோடு உள்ளே வந்தார், கதை மாறிவிட்டது. அதன்பிறகு பதினொரு நாள் இருந்தாய். ஒவ்வொரு நாளும் வந்தேன். சில நாள் அவர் வெளியே போனார். ஒரு நாளும் நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து உன் மனுசன் எங்கள் வீட்டுக்கு வருவார். மீன் வாங்கி வருவார், தானே வெட்டிக் கழுவித் தருவார். சாப்பிடும்போது, நான் வராத வருசமெல்லாம் அவளுக்கு நீங்கள்தான் துணை எண்டு கடிதத்துக்குக் கடிதம் எழுதினவள் என்று சொல்வார். என் கணவர் பெருமையாகத் தலையாட்டுவார். நான் இன்னும் கொஞ்சம் சோறு போடுவேன். அவருக்கு என்னால் சொல்ல முடியாது. சொன்னால் என் பாரம் அவருடையதாகும், அவ்வளவுதான். கேட்க வேண்டியவள் நீ ஒருத்தி. அன்று நீ கேள்வி கேட்கவில்லை, சும்மா சொன்னாய், ஆகவே பதில் தேவையில்லை என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

ஓம். பாத்தனான். உன்ரை எண்டு தெரிஞ்சுதான் விட்டனான்.