நான் தடுக்காத குத்து

என் அருமை சரோஜா அக்காவுக்கு,

நலமா என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். போய்ச் சேர்ந்தவளிடம் நலம் விசாரிக்கிறவனை நீ என்ன சொல்வாய் என்று தெரியும். "எம்பது தாண்டியும் புத்தி வரல பாரு இவனுக்கு" என்பாய். அப்படிச் சொல்லவும் இப்போது ஆள் இல்லை. நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. இந்தப் பதினோரு மாதத்தில் என்னை ஒருவரும் "டேய்" என்று கூப்பிடவில்லை. தெருவில் பெரியவரே என்கிறார்கள், பாங்கில் சார் என்கிறார்கள். மரியாதை ஜாஸ்தியாகிவிட்டது, பேச்சுத்தான் இல்லை.

மகன் சென்னையிலிருந்து வாரம் ஒரு தடவை போன் செய்கிறான். மாத்திரை போட்டாயா என்று கேட்கிறான், போட்டேன் என்கிறேன், அதோடு சரி. அவனைக் குறை சொல்லவில்லை. அவனுக்கும் எனக்கும் பேச வேறு என்ன இருக்கிறது? உன் வீட்டுக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து உட்காருவேனே, அந்த நேரம் வந்தால் இன்னமும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை போய்விட்டுத் திரும்புகிறேன்.

போன வாரம் மல்லிகா வந்தாள். தேவனாம்பட்டினம் மல்லிகா. பத்து வயதில் அவளும், மீன் பிடிக்கப் போகும் அவள் அப்பாவும் நம் கராத்தே வகுப்பில் ஒரே நாளில் சேர்ந்தார்களே, அவள்தான். இப்போது அவளுக்கே பேத்தி இருக்கிறாள். சிதம்பரத்தில் மகளோடு சேர்ந்து கராத்தே பள்ளி நடத்துகிறாள். குடும்பம் குடும்பமாகத்தான் சேர்க்கிறாளாம், நம் பழைய சட்டத்தை விடவில்லை. புது இடம் பார்த்திருக்கிறாள், வருகிற ஞாயிற்றுக்கிழமை திறப்பு. உள்ளே நுழைந்ததும் தெரிகிற சுவரில் மூன்று படம் மாட்டப்போகிறாள். நான் மாமா என்று கூப்பிடும் உன் வீட்டுக்காரர், நீ, நான்.

"மாமா மாஸ்டருக்கும் உங்களுக்கும் பேருக்குக் கீழ கறுப்பு பெல்ட்டுன்னு எழுதியாச்சு மாஸ்டர். அக்காவுக்கு என்னா போடறது? அவுங்க எப்பவும் வெள்ளைதான் கட்டியிருந்தாங்க. எங்களுக்கெல்லாம் கையப் புடிச்சிக் கத்துக் குடுத்ததே அவுங்கதானே, அது எப்பிடி வெள்ளை?"

"யோசிச்சுச் சொல்றேம்மா" என்றேன். காபி குடித்துவிட்டுப் போய்விட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் இந்தக் கடிதம். எனக்குப் பிறகு இது யார் கையிலாவது கிடைக்கலாம் என்பதால் உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

மாமா மலேயாவில், பினாங்கில், ஒரு ஜப்பான்காரரின் குடோனில் வேலை பார்த்தார். வேலை முடிந்ததும் அந்த ஜப்பான்காரர் தன் ஆட்களுக்குக் கராத்தே சொல்லிக்கொடுப்பாராம். வெள்ளையில் ஆரம்பித்துக் கறுப்பில் முடிகிற வரிசையில், கறுப்புக்கு ஒரு படி கீழே, பழுப்பு பெல்ட் வரை வந்திருந்தார் மாமா. ஊருக்குத் திரும்பி உன்னைக் கல்யாணம் செய்த கையோடு, கொல்லையில் உன்னையும் என்னையும் நிற்க வைத்து ஒரே நாளில் ஆரம்பித்தார். ஒரு வருஷம் கழித்து முதுநகரில் வேர்க்கடலை காயப்போடும் மல்லாட்டை மண்டிக் களத்தில் வகுப்பு. கடலூரில் அப்போது கராத்தே என்றால் அது ஏதோ பலகாரமா என்று கேட்கிற காலம்.

முதல் மாதம் வந்தது முழுக்க விடலைப் பயல்கள். மீசை முளைத்ததும் யாரையாவது அடித்துப் பார்க்க வேண்டும் என்று துடிக்கிற கூட்டம். ஒரு நாள் நீ களத்துக்கு வந்து பார்த்தாய். வீட்டுக்கு வந்ததும் மாமாவிடம் சொன்னாய்: "தனியா வந்து கத்துக்கிட்டுப் போறவன் வூட்ல போயி யார அடிப்பான்? பொண்டாட்டியத்தான் அடிப்பான். அவளும் வந்து கத்துக்கட்டும். குடும்பத்துல ரெண்டு பேராவது வந்தாத்தான் சேர்க்கணும்."

மாமா சிரித்தார். நான் "வகுப்பே காலியாயிடும்" என்றேன். பாதி காலியானது உண்மைதான். மீதியில் குடும்பங்கள் வந்து நிரம்பின. புருஷன் பெண்டாட்டி, அப்பா மகள், ஒரு மாமியார் மருமகள் கூட. மல்லிகாவின் அப்பா மகளைவிட ஒரு பெல்ட் கீழே, அதனால் வரிசையில் மகளுக்குப் பின்னால் நிற்பார். அவள் திரும்பி "கால அகட்டி நில்லுப்பா" என்றால் "சரிங்க" என்பார். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் நீதான் மாஸ்டர். மாமாவின் பழைய முழுக்கால்சட்டையைப் பிரித்துத் தைத்து, மேலே முழங்கால் வரை ஜிப்பா போட்டுக்கொண்டு நீ தெருவில் நடந்து வந்ததை முதுநகர் ஒரு வருஷம் பேசியது. நீ காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பெல்ட்டெல்லாம் விலைக்கு எங்கே கிடைத்தது? காடாத் துணியை மடித்துத் தைத்து, அலுமினியக் குண்டானில் சாயம் காய்ச்சி முக்கி எடுப்பது நீதான். பச்சை முக்கிய வாரம் பச்சை விரலோடு சோறு போடுவாய். மஞ்சள், பச்சை, பழுப்பு என்று எத்தனை பேர் இடுப்புக்குத் தைத்தாய். உன் இடுப்பில் மட்டும் வெள்ளை. சலவை சோப்பும் நீலமும் போட்டு அதைப் பளிச்சென்று வைத்திருந்தாய்.

சுவரில் எழுதப்போகும் எங்கள் கறுப்பின் கதையையும் சொல்லிவிடுகிறேன். மாமாவுக்குப் பினாங்கில் கிடைத்தது பழுப்பு வரைதான். "மாஸ்டருன்னு நின்னா கறுப்பு இல்லாம எப்பிடி மச்சான்?" என்றார். நான் அவருக்குக் கட்டினேன், அவர் எனக்குக் கட்டினார். எங்களுக்கு யாரும் பரீட்சை வைக்கவில்லை. தைத்துச் சாயம் போட்டது நீ.

பிறகு நான்தான் இன்னொரு சட்டம் கொண்டுவந்தேன். ஒரு அப்பா தன் மகனுக்குப் பச்சை கொடுத்தே ஆக வேண்டும் என்று களத்தில் கத்தினார், ஞாபகம் இருக்கிறதா? சொந்தக்காரர்களுக்குச் சொந்தக்காரர்கள் பரீட்சை வைக்கக் கூடாது என்றேன். மாமாவின் ஆட்களுக்கு நான், என் ஆட்களுக்கு மாமா. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் நீ அவருக்குப் பெண்டாட்டி, எனக்கு அக்கா. உனக்குப் பரீட்சை வைக்க ஆளே இல்லாமல் போனது. மூன்று வருஷம் அப்படியே ஓடியது. அது எனக்கு வசதியாக இருந்தது என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன்.

குண்டானைக் கிளறிக்கொண்டே ஒரு நாள் கேட்டாய்.

"ஏன்டா, மாமனும் மச்சானும் ஒருத்தருக்கொருத்தர் கட்டிக்கிட்டீங்க. நான் மட்டுந்தான் சொந்தமா?"

"அது வேற அக்கா."

"என்னா வேற? எனக்கு ஒண்ணும் சும்மா குடுக்க வேணாம். பரீட்சை வை. தோத்தா இந்த வெள்ளையே போதும்."

மாமா உன் பக்கம் பேசினார். "நான் நின்னா, புருஷன் பொண்டாட்டிய அடிக்கிறான்னு ஊர் சிரிக்கும். நீயே நில்லு மச்சான்" என்றார். ஞாயிற்றுக்கிழமைதோறும் சிதம்பரத்தில் ஒரு ரைஸ் மில் களத்தில் நமக்கு இன்னொரு வகுப்பு இருந்தது அல்லவா, அங்கே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது.

அந்தக் காலை வெயில்கூட எனக்கு மறக்கவில்லை. களத்தின் ஒரு பக்கம் முழுக்கக் குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. அடியும் தடுப்புமாகத் தனியாகச் செய்து காட்டும் வரிசையை முதலில் செய்தாய். ஒரு தப்பு இல்லை. அடுத்தது என்னோடு நேருக்கு நேர். நான் கூட்டத்துக்கு முதுகு காட்டி நின்றேன். மாமா பக்கவாட்டில் நின்றார்.

குத்து முகத்தில் படக்கூடாது, ஒரு விரல்கடை முன்னால் நிற்க வேண்டும். அதுதான் நாம் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். உன் இடது கை என் முன்கையைத் தட்டியதுதான் தெரியும். அடுத்து உன் வலது முஷ்டி என் மூக்குக்கு முன்னால் நின்றது. காற்று வந்து முகத்தில் பட்டது. என் வலது கை இடுப்பிலேயே இருந்தது, எழவே இல்லை. கண்ணைக்கூட மூடிவிட்டேன் என்று நினைக்கிறேன். மாஸ்டர் கண்ணை மூடினான் அக்கா.

கண்ணைத் திறந்தபோது நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். அங்கே என்ன பார்த்தாயோ தெரியவில்லை. கையை இழுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனாய். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாய்: "மாஸ்டர் தடுத்துட்டாங்க."

நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். ஜனங்கள் கை தட்டியிருப்பார்கள், வகுப்பும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் எனக்கு வயது இருபத்து நாலு, இடுப்பில் கறுப்பு. பொம்பளையிடம் தோற்ற மாஸ்டர் என்று பேச்சு வந்தால் யார் வருவார்கள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் பொய். எனக்குப் பொறாமை. ஒரே நாளில் ஒரே கொல்லையில் ஆரம்பித்தோம், நீ எங்கேயோ போய்விட்டாய் என்று அந்த ஒரு நொடியில் தெரிந்துபோனது.

"இன்னும் பழகணும். அடுத்த தடவை பார்ப்போம்" என்றேன். நீ குனிந்து வணங்கிவிட்டுப் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்தாய்.

மாமாவுக்குத் தெரியும். அவர் நின்ற இடத்திலிருந்து எல்லாம் தெரிந்திருக்கும். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஏதாவது கேட்பார் என்று புதுச்சத்திரம் வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். "ஜன்னல சாத்து மச்சான், மழ வருது" என்றார். அவ்வளவுதான். அவர் உயிரோடு இருந்தவரை அந்தக் குத்தைப் பற்றி ஒன்றுமே பேசியதில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த தடவை என்று ஒன்று வரவில்லை. நீ கேட்கவில்லை, நானும் கூப்பிடவில்லை. வகுப்பு இன்னும் பல வருஷம் நடந்தது, நீ வெள்ளையிலேயே நின்று பலருக்குப் பழுப்பு வாங்கிக்கொடுத்தாய். அந்தப் பரீட்சைக்கு நாலு மாதம் கழித்து என் கறுப்பு நைந்துபோயிற்று என்று நீயே புதிதாகத் தைத்துக் கொடுத்தாய். எப்படி அக்கா முடிந்தது? கோபம் இல்லையா? கோபத்தோடுதான் தைத்தாயா? தையல் நேராகத்தான் இருந்தது.

போன வருஷம் நீ படுத்திருந்தபோது ஒரு சாயங்காலம் துணிந்து ஆரம்பித்தேன். "அக்கா, அன்னிக்கி சிதம்பரத்துல..." என்றேன்.

"எந்த அன்னிக்கி? காப்பி ஆறுது, குடி" என்றாய்.

மறந்துவிட்டாயா? இல்லை, அப்போதும் என்னைக் காப்பாற்றினாயா? மறுநாள் கேட்கலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அதற்கு மறுநாளும் மாத்திரை, டாக்டர், உன் கால் வீக்கம் என்று பேச்சுப் போய்விட்டது. பிறகு நீயே இல்லை.

இப்போது அது தெரிந்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான். மாமா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. மல்லிகா அன்று சிதம்பரம் வரவில்லை. வந்திருந்தவர்கள் பார்த்தது என் முதுகை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் கேட்க ஆள் கிடையாது. ஒரு காலத்தில் இதை நினைத்து நிம்மதிப்பட்டிருப்பேன். இப்போது வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது இதுதான் பயமாக இருக்கிறது. நானும் போய்விட்டால் அந்தக் குத்து நடக்கவே இல்லை என்றாகிவிடும்.

உன் படத்துக்குக் கீழே கறுப்பு என்று எழுதச் சொல்லிவிட்டால் வேலை சுலபம். மல்லிகா சந்தோஷப்படுவாள், எல்லோரும் கை தட்டுவார்கள், பெரிய மனசு என்று என்னைச் சொல்வார்கள். நான் செய்தது அந்தக் கறுப்புக்கு அடியில் போய்ப் பத்திரமாக ஒளிந்துகொள்ளும். அதனால் வெள்ளை என்றே எழுதச் சொல்லப்போகிறேன். கோபித்துக்கொள்ளாதே. கத்துக்கொடுத்த அம்மாவுக்கு ஏன் வெள்ளை என்று வருகிற பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் போகிறேன். மல்லிகா கார் அனுப்புகிறேன் என்றாள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். குடிகாடு பக்கம் வந்தால் இப்போது கெமிக்கல் கம்பெனி வாடை, ஜன்னலைச் சாத்திக்கொள்வேன். மல்லிகாவின் பள்ளியில் அப்பா அம்மாக்களும் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கும்போது எழுந்து நின்று சொல்லிவிடுகிறேன், அன்று நான் தடுக்கவில்லை என்று. இது சத்தியம் அக்கா. அன்று நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். இந்தத் தடவை முந்திக்கொள்ள நீ இல்லை, நானேதான் சொல்லியாக வேண்டும்.

இப்படிக்கு,
உன்னிடம் தோற்றுப்போன உன் தம்பி,
குமரேசன்